கேட்டுக்கு வெளியே சாப்பாடு

அந்தப் பூங்காவுக்குப் போவது பெரியவளின் யோசனை. ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கும் இருக்கிற இடத்துக்கு மகளைக் கூட்டிப் போக வேண்டும் என்று ஒரு வருஷமாகப் பள்ளிச் சீருடை தைத்துத் தைத்துக் காசு சேர்த்திருந்தாள். விஷயம் எப்படியோ கொழுந்தன் வீட்டுக்குப் போய்விட்டது. அவன் மனைவி சின்னவள் உடனே போன் செய்து, நாங்களும் வருகிறோம், சேர்ந்து போனால் ஜாலியாக இருக்கும் என்றாள். பெரியவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள். போனை வைத்ததும் சிரிப்பும் போய்விட்டது. இந்த ஓரகத்தியோடு எங்கே போனாலும் தான் அங்கே இரண்டாம்பட்சம் ஆகிவிடுவது அவளுக்குத் தெரியாதா என்ன?

சின்னவள் செல்போன் ஷோரூமில் மேனேஜர். கை தாராளம், வாய் இனிப்பு. கெட்டவள் என்று ஒரு சொல் சொல்ல முடியாது. பெரியவளுக்கு அதுதான் பெரிய தொல்லை. கெட்டவளாக இருந்தால் வெறுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நல்லவளைப் பார்த்து வயிறு எரிந்தால் வெளியே சொல்லவும் முடியாது, உள்ளே வைக்கவும் முடியாது.

டிக்கெட்டில் பேரம் பேச முடியாது. ஆனால் சாப்பாட்டில் கையைச் சுருக்கலாமே. பூங்கா வெளியூரில்; தங்கியிருந்த லாட்ஜ் அறையில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் ஒன்று இருந்தது. காலையில் எழுந்ததும் அதில் முதலில் முட்டை வேகும், பிறகு உருளைக்கிழங்கு, கடைசியில் டீக்குத் தண்ணீர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவள் புருஷன் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, இதில் கிழங்கு வாசனை வருகிறதே என்றான். சத்து என்றாள் அவள். அவன் மிச்சத்தையும் குடித்து முடித்தான். கிழங்கை மசித்து உப்பும் மிளகும் போட்டு ரொட்டியில் தடவி டப்பாவில் அடுக்குவாள். வாழைப்பழம் தனிப் பையில்.

பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கூடாது என்பது அங்கே சட்டம். கேட்டில் பையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். கொண்டுவந்ததைச் சாப்பிட வேண்டுமானால் புறங்கையில் மை முத்திரை குத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையும் நாலு பெஞ்சும் போட்டிருந்தார்கள். கொட்டகைக்கு எதிரே, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், பூங்காவின் ஓட்டல். அதன் பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. அதைக் கட்டியவன் கட்டாயம் பெரியவளைப் போன்றவர்களை நினைத்துத்தான் கட்டியிருப்பான்.

முதல் நாள் மத்தியானம் எல்லாரும் உள்ளேயே சாப்பிடலாம் என்று சின்னவள் கூப்பிட்டாள். "நான் பாத்துக்கறேன்க்கா." அந்தச் சொல் பெரியவளுக்கு நறுக்கென்று தைத்தது. என்னை இவள் பார்த்துக்கொள்வதா? எங்களுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, புருஷனையும் மகளையும் ஓட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

அவள் மகளுக்கு எட்டு வயது. எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பதால் வீட்டில் அவளுக்குக் குருவி என்று பெயர். அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவள் வாயில் சித்தி, சித்தி, சித்திதான். பெரிய ராட்டினத்தில் சித்தி பக்கத்தில் உட்கார்ந்ததும், மேலே போனபோது இருவரும் சேர்ந்து கத்தியதும், சித்திக்குப் பயமே இல்லாததும். பெரியவளுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். எல்லார் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தது அவள். காசு சேர்த்தது நான், கத்திச் சிரித்தது அவளோடா என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் குருவி தயங்கித் தயங்கிக் கேட்டாள், சித்தியோடு உள்ளேயே இருக்கட்டுமா என்று. பெரியவள் அவளைத் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இழுத்துப் போனாள். அவிழ்ந்திருந்த ஷூ லேஸை முடிச்சுப் போட்டபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"போ. கூட உக்காந்துக்கோ. ஆனா அவங்க காசுல ஒரு வாய்கூடத் திங்கக் கூடாது. கேட்டா பசிக்கலைன்னு சொல்லு."

அப்படிச் சொன்னால் பிள்ளை தன்னோடு வந்துவிடும் என்பது அவள் கணக்கு. பட்டினி கிடக்க யாராவது போவார்களா? குருவி ஒரு நிமிஷம் யோசித்தாள். சரிம்மா என்று தலையாட்டிவிட்டு சித்தியிடம் ஓடிவிட்டாள்.

பெஞ்சில் டப்பாவைத் திறந்ததும் புருஷன் மகள் எங்கே என்றான். அவ சித்தி மடியில இருக்கா என்று எரிந்து விழுந்தாள் பெரியவள். கண் மட்டும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. உள்ளே கொழுந்தனும் அவன் இரண்டு பையன்களும் வறுத்த கோழியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். குருவி கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். சின்னவள் தட்டை நகர்த்தினாள். குருவி தலையாட்டி மறுத்தாள். சின்னவள் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினாள். அதற்கும் மறுப்பு.

பெரியவளுக்கு முதலில் சந்தோஷம் பொங்கியது. பொய் சொல்லி என்ன பயன், பொங்கத்தான் செய்தது. என் பிள்ளை! என்னதான் கொஞ்சினாலும் அவள் என் சொல்லைத் தாண்ட மாட்டாள். ரொட்டியை ருசித்துக் கடித்தாள்.

அப்போது பையன்களில் ஒருவன் ஐஸ்கிரீமோடு வந்தான். குருவி அதைப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக் கண்ணாடிப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். அம்மா வெளியிலிருந்து பார்ப்பது அவளுக்குத் தெரியவில்லை. வாயை இறுக்கி மூடி, எச்சிலை விழுங்கினாள். அது அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. காலையில் ராட்டினத்துக்கு நேரமாகிறது என்று பால்கூடக் குடிக்காமல் ஓடிய பிள்ளை.

பெரியவள் கடித்த ரொட்டியை டப்பாவிலேயே போட்டாள். டப்பாவைப் புருஷன் கையில் திணித்துவிட்டு எழுந்து ஓடினாள். கேட்டில் முத்திரையைக் காட்டி, கூட்டத்தில் இடித்துப் பிடித்து, மூச்சு வாங்க அந்த மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

சின்னவளுக்கு அவளைப் பார்த்ததும் உயிர் வந்தது. "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறாக்கா. காய்ச்சலோன்னு நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். பயந்தே போயிட்டேன்." அவள் தட்டிலும் சாப்பாடு அப்படியே இருந்தது. பிள்ளை சாப்பிடாததால் அவளும் சாப்பிடவில்லை. அந்த நிமிஷத்திலும் பெரியவளுக்கு அது உறுத்தியது. இதிலும் இவளே ஜெயிக்க வேண்டுமா?

"சாப்பிடு கண்ணு" என்றாள் மகளிடம்.

"பசிக்கலைம்மா" என்றாள் குருவி. முகத்தில் ஒரு பெருமை. அம்மா சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

பெரியவள் இரண்டாம் முறை சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். குருவி அசையவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டிக்கொண்டது. காதில் ரகசியமாகச் சொன்ன தடையை இனி எல்லார் காதிலும் விழும்படிதான் எடுக்க வேண்டும் என்பது பெரியவளுக்குப் புரிந்தது. சின்னவளைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் சொல்லி அனுப்பினேன். உங்க காசுல ஒரு வாய் திங்கக் கூடாதுன்னு. அவ உன்கூடவே ஒட்டிக்கிட்டுத் திரியறது எனக்குப் பொறுக்கல."

கொழுந்தன் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சின்னவளுக்கு முகம் வெளுத்துப் போயிற்று. பிறகு குருவிக்கு நீட்டிய தட்டைப் பெரியவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே ஊட்டுங்கக்கா. நான் குடுத்தா அவ திங்க மாட்டா."

பெரியவள் பிய்த்து ஊட்டினாள். குருவி மெல்லக்கூட நேரமில்லாமல் விழுங்கினாள், அடுத்த வாய்க்கு முன்னாலேயே வாயைத் திறந்தாள். பாதிச் சாப்பாட்டில் அம்மாவின் காதருகே வந்தாள். ரகசியம் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. மேஜை முழுக்கக் கேட்டது.

"சித்தி எத்தனை தடவை கேட்டாங்க தெரியுமா? நீ சொன்னேன்னு நான் சொல்லவே இல்லம்மா."