பெக்கின் காதில் சொன்ன வரி

எங்கள் ஊர்ப் பிரபு தானியார் பெக் பெரிய கவிஞர் என்று குஜந்த் நகரமே நம்பியது. அந்தக் கவிதைகளை எழுதியவள் சர்வினோஸ் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், பெக்குக்கும் தெரியும். பெக்குக்கு மட்டும் அது அடிக்கடி மறந்துபோகும்.

நாங்கள் ஆற்றங்கரைத் தெருப் பெண்கள். விருந்துகளில் பாடுவோம், ஆடுவோம், ஆண்களோடு சரிக்குச் சரியாகக் கவிதை பேசுவோம். விருந்து கலைந்த பிறகு யார் கை காட்டினாரோ அவர் பின்னால் போவோம். கவிதை பேசிய வாய் அப்போது பேசாது. என் பெயர் சோலிஹா. தாயிரா என்கிற வட்டப் பறை அடிப்பவள்.

சபையில் யாராவது ஒரு வரியைப் போட்டுப் பதில் வரி கேட்பார்கள். அதே சந்தத்தில், அதே முடிவுச் சொல்லில், இருந்த இடத்திலேயே சொல்லியாக வேண்டும். சொல்ல வராதவன் கவிஞன் இல்லை. அப்போதெல்லாம் பெக் கண்ணை மூடித் தாடியை நீவுவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் சர்வினோஸ், துதாரின் இரண்டு தந்திகளையும் முறுக்குகிற சாக்கில் பதிலை முனகுவாள். மற்றவர் காதுக்கு எட்டாதபடி நான் பறையை மெல்லத் தட்டிக்கொண்டிருப்பேன். பெக் கண் திறந்து வரியைச் சொல்வார். சபை சொக்கிப்போகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் பெக்குக்கு அந்தக் கவலையும் இல்லை, ஆடுகிற கால் வேறொருத்தியுடையது.

சர்வினோஸுக்கு ஒரே மகள், நிஹோலா. எங்கள் தெருவில் பிறக்கிற பெண் பெக் வீட்டுச் சொத்து. அவர் வாய் திறந்து 'போ' என்று விடை கொடுத்தால்தான் காஜி அவளுக்கு நிக்காஹ் செய்துவைப்பார். அதனால் சர்வினோஸ் மகளுக்குப் பாட்டும் எழுத்தும் காட்டாமலே வளர்த்தாள். ஊசியும் நூலும்தான் கொடுத்தாள். குல்லாயில் பாதாம் பூ போட்டால் அந்தப் பெண்ணுக்கு நிகர் கிடையாது. சேணம் தைக்கிறவரின் மகன் அவளைக் கேட்டு வந்தான், நல்ல பையன். புகாராத் தூதருக்கு வைக்கும் விருந்தில் என் மானத்தைக் காப்பாற்று, மறுநாளே உன் மகளுக்கு விடை தருகிறேன் என்று பெக் வாக்குக் கொடுத்திருந்தார்.

பெக்கின் வாக்கு வசந்தகாலப் பனி மாதிரி, வெயில் ஏறினால் இருக்காது என்று நான் குத்தலாகச் சொன்னேன்.

"இருந்துட்டுப் போகட்டும்க்கா. அந்த ஒரு வாக்குக்குத்தான் இத்தனை வருஷமா என் கவிதையில அந்தாளு பேரை வச்சுக் குடுத்தேன்" என்றாள் சர்வினோஸ்.

குளிர்காலத்தில் அவள் நெஞ்சில் கட்டிய சளி வசந்தம் வந்தும் இறங்கவில்லை. இருமினால் துணியில் ரத்தம். விருந்தன்று காலையில் எழுந்து நிற்கவே முடியவில்லை. சூடான பால் கொடுக்க நானும் வருவேன் என்று நிஹோலா பிடிவாதம் பிடித்தாள். வேண்டாம் என்று தாய் எவ்வளவோ சொன்னாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்தப் பிள்ளை மனம் கல்லாகவே இருந்திருக்கலாம்.

தோட்டத்தில் வாதுமை மரங்களுக்கு அடியில் விரிப்பு போட்டிருந்தார்கள். பிலாவு சாப்பிட்டுக் கை கழுவி, பச்சைத் தேநீர் வந்தபின், தூதர் பெக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு வரி போட்டார்:

"ஆற்றங்கரையில் பிறந்தேன்; என் குடத்தில் நீர் இல்லை."

பெக் கண்ணை மூடினார். நான் பறையைத் தட்டினேன். சர்வினோஸ் தந்தியை முறுக்கி வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. அடக்கப் பார்த்தாள், இன்னும் பெரிதாக வந்தது. பெக் தாடியை நீவினார், மறுபடியும் நீவினார். விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். இருமலை மறைக்க நான் பறையை ஓங்கித் தட்டினேன். போயிற்று, அந்தப் பெண்ணின் கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன்.

நிஹோலா தேநீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பெக்கின் பக்கத்தில் மண்டியிட்டுக் கிண்ணத்தை நீட்டும்போது அவர் காதருகே அவள் உதடு அசைந்தது. பெக் ஒரு நொடி திகைத்து, பிறகு உரக்கச் சொன்னார்:

"குடத்தைக் குறை சொல்லாதே, குனிய உன் முதுகுக்கு மனம் இல்லை."

தூதர் தொடையில் தட்டிச் சிரித்தார். தன் மேலங்கியைக் கழற்றிப் பெக்கின் தோளில் போர்த்தினார். அதைவிடப் பெரிய மரியாதை எங்கள் பக்கத்தில் இல்லை.

நிஹோலா ஓடி வந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதம்மா, காப்பாத்திட்டேன்" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லம்மா. நீ வீட்ல முனகிக்கிட்டே இருப்பல்ல, அதைக் கேட்டுக்கிட்டேதானே தைக்கிறேன்."

போர்த்திய அங்கியோடு பெக் திரும்பி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததை சர்வினோஸும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

மறுநாள் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனநிலையில் இருந்தார், உலர்ந்த பாதாமிப் பழம் தின்றுகொண்டிருந்தார்.

"சர்வினோஸ், நீ ரொம்ப உழைச்சிட்ட. உனக்கு விடை குடுத்தாச்சு, போய் உடம்பைப் பாத்துக்க."

"எஜமான், நான் கேட்டது எம் பொண்ணுக்குங்க."

"நீயும் போயி அவளும் போயிட்டா என் பின்னால யாரு உக்கார்றது?"

அவள் தரையில் விழுந்து அவர் பாதத்தைப் பிடித்தாள். காவலாளிகள் அவளை மெதுவாகத்தான் வெளியே கொண்டுபோனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பாதாமித் தட்டை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

சேணக்காரர் மகனுக்கு அறுவடை முடிந்ததும் வேறிடத்தில் கல்யாணம் ஆனது. பெக்கின் பின்னால் இப்போது துதாரோடு நிஹோலா உட்காருகிறாள். விருந்து கலைந்தபின் அவளுக்கும் கை காட்டுகிறார்கள். நான் அதே பறையைத் தட்டுகிறேன்.

சர்வினோஸ் ஒரு ரொட்டிக்காரர் வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறாள். மகளைப் பார்க்க அவளுக்கு அனுமதி இல்லை. போன வாரம் நான் போனபோது சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எப்படிக்கா சொல்றா? நல்லா வருதா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

"உன்னைவிட நல்லா சொல்றாடி."

அவள் முகம் மலர்ந்தது. அந்தத் தெருவில் நான் அவளைப் பார்த்த நாளிலிருந்து அப்படி ஒரு மலர்ச்சியைக் கண்டதில்லை. பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அப்போ அவளை விடவே மாட்டான்க்கா" என்றாள்.