வலப்பக்கக் கம்பியில் ஒரு சைக்கிள்

ஸ்டாவெரன் துறையை விட்டுக் கிளம்பிப் பதினோரு மணி நேரம் ஆனபோது, ஹிஸ்கேயின் சைக்கிள் படகின் வலப்பக்கக் கம்பியிலிருந்து நான்கு விரற்கடை மேலே எழும்பி நின்றது. காற்று மிதமாக இருந்தது. இடப்பக்கக் கம்பியில் கட்டியிருந்த ரெய்ண்டரின் சைக்கிள் கட்டிய இடத்திலேயே இருந்தது. ரெய்ண்டர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், கயிறு தளர்ந்திருக்கிறது என்று நினைத்து இறுக்கிக் கட்டினான். கயிறு தளர்ந்திருக்கவில்லை. அது அவர்களுக்குக் கல்யாணமான இரண்டாவது கோடை.

அந்தச் சைக்கிள் கல்யாணத்துக்கு அவன் வாங்கிக் கொடுத்தது. நீல நிறம், பின்னால் இரண்டு பக்கமும் பை. விருந்தினர் எல்லோரும் கைதட்ட, ஹிஸ்கே அதை வாங்கி, வீடுவரை தள்ளிக்கொண்டே நடந்தாள். கல்யாண உடை சங்கிலியில் மாட்டிவிடும் அல்லவா என்று மற்றவர்கள் தாமாகவே காரணம் சொல்லிக்கொண்டார்கள். ரெய்ண்டர் ஹார்லிங்கன் என்ற துறைமுக ஊரில் கால்வாய்த் தூக்குப்பாலம் ஒன்றை இயக்குபவன். ஹிஸ்கே சரக்குப் படகில் பிறந்தவள். சரக்குப் படகுப் பிள்ளைகள் எல்லோரையும் போல, தண்ணீரில் விழாதிருக்க அவளையும் இடுப்பில் கயிறு கட்டித் தளத்திலேயே வளர்த்தார்கள். தண்ணீர் எங்கே ஆழம், எங்கே மேடு என்று அவளுக்குப் பார்த்தாலே தெரியும். அதனால் 'ஸ்டெர்ன்' என்ற அவர்களுடைய சின்னப் பாய்மரப் படகில் சுக்கான் அவள் கையில், சமையல் அவன் கையில். இரட்டை அடிக்கட்டை கொண்ட படகு அது. அந்தப் பக்கத்துக் கடல் ஏற்றவற்றத்தில் தினம் இருமுறை வற்றித் தரை தெரியும்; அப்போது படகு மணலில் நிமிர்ந்து நிற்கும்.

எந்தத் துறையில் கட்டினாலும் முதல் வேலை சைக்கிள்களை இறக்குவது. காப்பிகூட அப்புறம்தான். இறக்கியதும் ஹிஸ்கே, "நீ முன்னாடி போ ரெய்ண்டர், நான் பின்னாலயே வரேன்" என்பாள். அவன் போய் ரொட்டி வாங்கி, காற்று நிலவரம் விசாரித்து, புகைபோட்ட விலாங்கு ஒன்றைத் தின்று முடிக்கிற நேரத்துக்கு அவள் பை நிறைய உருளைக்கிழங்குடன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்வாள். ஒரு ஊரில் டயரில் காற்று இல்லை என்றாள். இன்னொரு ஊரில் முட்டி வலி. வேறொன்றில் வழியெல்லாம் தோட்டங்கள் அழகாக இருந்தன. ரெய்ண்டர் அவளுக்கு மூன்று முறை புது டயர் மாற்றினான். கழற்றிய டயர்களின் ஓரங்களில், கடையில் வாங்கும்போது இருக்குமே அந்த ரப்பர் முடி, அப்படியே இருந்தது.

பக்கத்துப் படகு பௌக்கே விடமாட்டான். "என்ன ஹிஸ்கே, மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போறியா?"

"பால் கறந்தா உனக்கும் ஒரு குவளை தரேன். இப்ப வாயை மூடு."

கரையில் ஹிஸ்கே பிடித்துத் தள்ளும்போது தரையிலேயே உருண்ட சைக்கிள், படகில் கட்டியதும் ஒவ்வொரு கோடையிலும் இன்னும் கொஞ்சம் உயர எழும்பியது. உப்புக்காற்றில் இரும்பு இத்துப்போனால் எடை குறையத்தான் செய்யும் என்றார் துறை அதிகாரி. வேறு யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அவர்களுடைய துறையில் ஒருவர் படகில் பியானோ வைத்திருந்தார். இன்னொருவர் ஆடு வளர்த்தார். பத்தாவது ஆண்டில் சைக்கிள் படகின் வலப்பக்கத்தையே தூக்கத் தொடங்கியது. தட்டில் ஊற்றிய பட்டாணி சூப் இடப்பக்கமாக ஒதுங்கியது. எதிர்எடை என்பது பாலம் தூக்குபவனுக்குப் புதிதல்ல. ரெய்ண்டர் ஒரு உபரி நங்கூரத்தை வலப்பக்கப் பெட்டிக்குள் வைத்தான். சூப் நேராயிற்று. அடுத்த ஆண்டு தண்ணீர்க் கேன்கள், பிறகு உபரிப் பாய், பெயின்ட் டப்பாக்கள், பாய் தைக்கும் இரும்புத் தையல் மிஷின், இரண்டாவது மோட்டார், அதற்கு உதிரி பாகங்கள். சைக்கிள் கட்டிய கம்பி படகின் விளிம்பில் இருந்தது. பெட்டியோ நடுவுக்குப் பக்கத்தில். அதனால் சைக்கிள் தூக்குகிற எடையைவிட அதிகமாக வைத்தால்தான் சமம் வந்தது. படகு நேராக நின்றது. ஆனால் ஆண்டுக்காண்டு தண்ணீரில் ஆழமாக இறங்கியது. நீண்ட நாள் பயணம் போகிறவர்கள் படகில் சாமான் சேர்வது இயல்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். ரெய்ண்டரும் நினைத்தான்.

அவனுக்கு வேறொரு மனக்குறை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அணைமேட்டுப் பாதையில் தம்பதிகள் இரண்டு சைக்கிள்களை ஒட்டி ஓட்டிக்கொண்டு, ஒருவர் தோளில் மற்றவர் கைவைத்தபடி எதிர்காற்றில் போவார்கள். அவனுடைய அப்பாவும் அம்மாவும் அப்படிப் போனவர்கள். பௌக்கேயும் அவன் பெண்டாட்டியும்கூட, சண்டை போட்டுக்கொண்டேயாவது, அப்படித்தான் போனார்கள். ஹிஸ்கேயுடன் அப்படி ஒருமுறை போகவேண்டும் என்று ரெய்ண்டர் ஆசைப்பட்டான். தன் பக்கத்தில் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று ஏதோ ஒரு கோடையில் முடிவு செய்துகொண்டான். அவளிடம் கேட்கவில்லை.

அவன் ஓய்வுபெற்ற ஆண்டு, ஆமெலாண்ட் தீவிலிருந்து திரும்பும் வழியில், தீவின் இரு பக்கமிருந்தும் வரும் கடலேற்றம் சந்திக்கிற மணல்மேட்டில் ஸ்டெர்ன் தரைதட்டியது. முப்பது ஆண்டுகளாக ஹிஸ்கே தாண்டிய மேடுதான். அவள் தண்ணீரை எட்டிப் பார்த்தாள்.

"கணக்கு தப்பல. படகுதான் ரொம்ப ஆழத்துல இருக்கு" என்றாள்.

கடல் வற்றியது. நாலாபுறமும் ஈர மணல், நடுவில் அவர்கள். அடுத்து வரும் ஏற்றம் இதைவிடக் குறைவு. அதற்கடுத்தது இன்னும் குறைவு. மறுநாள் வடக்குக் காற்று பலமாக வீசும் என்று வானொலி சொன்னது. அடுத்த ஏற்றத்தில் மிதக்காவிட்டால் காற்று படகை அதே மேட்டில் மோதி உடைத்துவிடும். ஓய்வூதியத்தைத் தவிர அவர்களுக்கு இருந்த சொத்து அந்தப் படகு ஒன்றுதான். இரண்டு பேரும் நங்கூரம், கேன்கள், பாய், டப்பாக்கள், மிஷின், மோட்டார் எல்லாவற்றையும் இறக்கி, பின்னால் இழுத்து வந்த சின்ன ரப்பர்ப் படகில் கொஞ்சமும் மிதவை கட்டி மணலில் கொஞ்சமுமாக வைத்தார்கள். கடற்பறவைகள் தையல் மிஷின் மேல் உட்கார்ந்தன. வலப்பக்கம் காலியானதும் சைக்கிள் கயிறு முழுவதையும் இழுத்துக்கொண்டு பாய்மரத்தின் பாதி உயரத்துக்குப் போய் நின்றது. இப்படியே தண்ணீர் வந்தால் அது படகை இடப்பக்கமாகக் கவிழ்த்துவிடும். சாமானை மறுபடி ஏற்றினால் படகு மிதக்காது.

"அறுத்துட வேண்டியதுதான்" என்றான் ரெய்ண்டர்.

"அறு" என்றாள் ஹிஸ்கே. அவள் முகத்தில் ஏதோ பாரம் இறங்கிப்போனதுபோல இருந்தது. அவன் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டான். மணலில் நின்றபடி கத்தியை விரித்துக் கயிற்றில் வைத்தவன் நிறுத்தினான்.

"மனசைப் போட்டுக் குழப்பிக்காத. ஊருக்குப் போனதும் புதுசு ஒண்ணு வாங்கித் தரேன். மோட்டார் வெச்சது. முட்டி வலிச்சாலும் ஓட்டலாம்."

"வேணாம்."

"நல்லதா வாங்குவோம். என் பக்கத்துல வரணும்னு இல்ல. உனக்குப் புடிச்ச மாதிரி பின்னாலயே வா, நான் ஒண்ணும் சொல்லல."

ஹிஸ்கே திரும்பிப் பார்த்தாள். "பின்னால வர்றதுதான் எனக்குப் புடிக்கும்னு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். முப்பது வருஷமா பாக்கறேனே."

அவள் அவனிடமிருந்து முகத்தைத் திருப்பி, வடக்கே வெறும் மணலைப் பார்த்து, உதடு மட்டும் அசைய எதையோ சொன்னாள். ரெய்ண்டருக்குக் கேட்கவில்லை. அவன் கையிலிருந்த கயிறு தொய்ந்தது. சைக்கிள் அவசரமில்லாமல் இறங்கி வந்தது. முதலில் பின்சக்கரமும் பிறகு முன்சக்கரமும் மணலைத் தொட்டன. தொட்ட இடத்தில், எடை உள்ள எந்தச் சைக்கிளும் பதிப்பதுபோல இரண்டு தடம் பதிந்தது. ரெய்ண்டர் கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டான். குனிந்து கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தான். காற்று சரியாக இருந்தது. ஏற்றம் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஆமெலாண்ட் வரைக்கும் ஆள் நடமாட்டம் இல்லை.

"என்ன சொன்ன?" என்று கேட்டான்.

ஹிஸ்கே சைக்கிளின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, ரெய்ண்டர்" என்றாள் உரக்க. "ஒருநாள்கூட ஓட்டினதில்ல."