தண்டவாளத்தோடு நின்ற தெரு

இப்போதெல்லாம் ஊர்வலம் போகிறவர்களுக்கு முன்னால் போலீஸ் வண்டி வழி விலக்கிக்கொடுக்கிறது. பின்னால் இன்னொரு வண்டி குளிர்ந்த தண்ணீர் பாட்டில்களைச் சுமந்து வருகிறது. நடுவில் நடக்கிறவர்கள் நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று தங்களையே படம் பிடித்துக்கொள்கிறார்கள். இது ஊர்வலமா, பொண்ணு மாப்பிள்ளை ஊர்கோலமா என்று கிளியோஃபஸ் டேட்டுக்கு விளங்கவில்லை. அவர் நடந்த காலத்திலும் போலீஸ் முன்னால்தான் நின்றது. கையில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றது.

லெமுவல் கேட்வுட்டுக்கு வருஷா வருஷம் எடுக்கிற நினைவு நாள் அது. அமெரிக்காவின் தெற்கே இந்த டன்மோர் ஊரில் கறுப்பர்களைச் சேர்த்துக்கொண்டு, ஓட்டுரிமைக்குப் பெயர் பதியக் கோர்ட்டுக் கட்டிடத்துக்கு நடந்தவர் கேட்வுட். தண்டவாளத்தைத் தாண்டி வெள்ளைக்காரர் பக்கம் கால் வைத்த கொஞ்ச தூரத்தில், தீவனக்கடை முக்கில், முதுகில் சுட்டார்கள். சுட்டவன் யாரென்று ஊருக்கே தெரியும். ஜூரிக்கு மட்டும் தெரியவில்லை. கேட்வுட்டுக்குக் கார் ஓட்டிய கிளியோஃபஸுக்கு அன்று இருபது வயசு கூட ஆகவில்லை. இன்று எண்பதைத் தாண்டியும் அவர் யாரையும் நம்புவதில்லை. டாக்டரை நம்பமாட்டார், வானிலை அறிக்கையை நம்பமாட்டார், பாஸ்டர் 'கடைசியாக ஒரு வார்த்தை' என்றால் அதைச் சுத்தமாக நம்பமாட்டார்.

ஊர்வலம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பாடு. பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி, அவித்த பீன்ஸ் என்று நீளமேஜை நிறைந்திருந்தது. ஒரு கண்ணாடிக் கிண்ணம் மட்டும் யார் கையும் படாமல் இருந்தது. உருளைக்கிழங்கு சாலட். அதன் பக்கத்தில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மேயர் டாட் ஹென்ஸ்லி. வெள்ளைக்கார மேயர் ஒருவர் இந்தச் சாப்பாட்டுக்கு வந்தது இதுதான் முதல்தடவை.

இந்த மவுண்ட் பிஸ்கா சர்ச்சில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கோழியை யார் பொரித்தாலும் தின்பார்கள். உருளைக்கிழங்கு சாலட்டை மட்டும், செய்தது யார் என்று கேட்காமல் நாக்கில் வைக்கமாட்டார்கள். சபையில் கைப்பக்குவத்துக்குப் பேர்போன ஒடெஸா செய்தது என்றால் வரிசை வாசல்வரை நிற்கும். மேயரோ, யார் கேட்டாலும் "நானே என் கையால செஞ்சேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு கிண்ணத்தின் கதை முடிந்தது.

கேட்வுட்டின் மகள் வெர்லீன் கிளியோஃபஸிடம் வந்து குனிந்தாள். அப்பா செத்தபோது அவள் தொட்டில் குழந்தை. விவரம் தெரிந்த நாளிலிருந்து இவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"சித்தப்பா, அதுல ஒரே ஒரு கரண்டி போட்டுக்கங்களேன்."

"யாரு செஞ்சது?"

"மேயரு."

"அப்ப மேயரே திங்கட்டும்."

"அவரு மூஞ்சியப் பாருங்க. கல்யாண வீட்டுல யாரும் வான்னு கேக்காத ஆளு மாதிரி நிக்கறாரு. தெருவுக்கு அப்பா பேரு வைக்கறதுக்கு செவ்வாக்கெழம ஓட்டெடுப்பு. கவுன்சில்ல பாதி அங்கிட்டு, பாதி இங்கிட்டு. இவரு கையிலதான் இருக்கு."

"எதுவரைக்கும் பேரு வைக்கறாங்க?"

"தெரிஞ்சிகிட்டே கேக்கறீங்க. இங்கேர்ந்து தண்டவாளம் வரைக்கும்."

"உங்கப்பன் தண்டவாளத்தோட நின்னிருந்தா இன்னிக்கி இந்தக் கோழிய நம்மகூட தின்னுட்டிருப்பான்."

வெர்லீன் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "எனக்கும் வயசாச்சு சித்தப்பா. கண்ணு மூடறதுக்குள்ள ஒரு பலகையிலயாவது அவரு பேரப் பாக்கணும். அதான் குடுக்கறத வாங்கிக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.

கிளியோஃபஸ் கோழி எலும்பைத் தட்டில் வைத்தார். கேட்வுட்டோடு ஜெயிலில் கிடந்த நாள் ஞாபகம் வந்தது. ஜெயிலர் ஒரு வாளி நிறைய ஊசிப்போன பீன்ஸைக் கொண்டுவந்து வைத்தான். எல்லாரும் பயத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கேட்வுட் எழுந்து தொப்பியைக் கழற்றி, ரொம்ப மரியாதையாக, "ஐயா, இத யாரு செஞ்சதுன்னு தெரிஞ்சிக்கலாமா?" என்று கேட்டார். மொத்தக் கொட்டடியும் உருண்டு சிரித்தது. சிரித்தவனை மிரட்ட முடியாது என்று ஜெயிலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்வுட்டைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைச் சொல்வதில்லை. சுவரில் மாட்டிய படத்தில் அவர் பல்வலிக்காரன் மாதிரி இருப்பார்.

ஒரு காலித்தட்டை எடுத்துக்கொண்டு கிளியோஃபஸ் மேயரிடம் போனார். கூடமே திரும்பிப் பார்த்தது.

"அண்ணே, உயிலெல்லாம் எழுதியாச்சா?" என்று ஒடெஸா கேட்டாள்.

"இதுக்குள்ள கறுப்பா கெடக்கே, என்ன ஐயா அது?" என்று கிளியோஃபஸ் மேயரைக் கேட்டார்.

"காஞ்ச திராட்சைங்க. எங்கம்மா பக்குவம்."

"ஆண்டவரே" என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். உருளைக்கிழங்கு சாலட்டில் திராட்சை போடுவது அந்தச் சபையில் பாவக் கணக்கு.

"நான் திங்கறேன்" என்றார் கிளியோஃபஸ். "ஆனா ஒரு பேச்சு. ஒரு கரண்டிக்கு ஒரு தெருமுக்கு. தண்டவாளத்துலேர்ந்து கோர்ட்டு வாசப்படி வரைக்கும் அவரு பேரு போகணும்."

மேயர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்தினார். "அந்தப் பக்கத்துக் கடைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க ஐயா. விலாசமெல்லாம் மாத்தணும்."

"எனக்கும் திராட்சை ஒத்துக்காது. நான் திங்க எறங்கலையா?"

மேயர் கிண்ணத்தைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். "சரி. என் ஓட்டு கோர்ட்டு வரைக்கும்."

"சத்தமாச் சொல்லுங்க. காது கேக்கல."

கிளியோஃபஸுக்குப் பாம்புக் காது. மேயருக்கு அது தெரியாததால் கூடமே அதிரச் சொன்னார். "ஆமென்" என்றது சபை. இனி சாட்சிக்குக் குறைவில்லை.

முதல் கரண்டி இறங்கியது. "மருந்துக்கடை முக்கு!" என்று ஏலம் விடுகிறவள்போல ஒடெஸா கூவினாள். கூடம் மேஜையைத் தட்டியது. அடுத்த கரண்டி. "பேங்க் முக்கு! அண்ணே, மென்னு தின்னுங்க, தெரு எங்கயும் ஓடிப்போகாது." அடுத்த கரண்டியைக் கிளியோஃபஸ் வாய்க்குக் கொண்டுபோனபோது ஒடெஸா கூவவில்லை. மேஜைகளும் அடங்கிவிட்டன. கரண்டி பாதியில் நின்றது.

"தீவனக்கடை முக்கு" என்றாள் வெர்லீன்.

கிளியோஃபஸ் அதை மெதுவாக மென்று விழுங்கினார். மிச்சத்தை ஒரே மூச்சில் தின்று கோர்ட்டு வாசலில் தட்டைக் காலி செய்தார். சொல்லப்போனால் அத்தனை மோசமில்லை. அதைச் சொல்கிற ஆளா அவர்?

"உப்பு பத்தல" என்றார்.

வெர்லீன் அவர் தோளில் முகத்தை வைத்து அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். கூடமே கைதட்டியது. மேயர் கையை நீட்டினார். "என்னைய நம்பலாம் ஐயா."

"செவ்வாக்கெழம முன்வரிசையில உக்காந்திருப்பேன். பலகைக்கு அடியில கான்கிரீட்டு போடுவீங்களா? மண்ணுல நட்டா ஒரே ராத்திரியில புடுங்கிருவானுங்க."

"அதுக்கும் ஒரு கரண்டியா?" என்றார் மேயர்.

கிளியோஃபஸ் சிரிக்கவில்லை. கையை மட்டும் குலுக்கிவிட்டு, விரலெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெளியே வந்தார். உள்ளே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். 'ஓட்டு விழறதுக்கு முன்னாடியே தட்டறானுங்க பாரு' என்று முணுமுணுத்தபடி, வயிற்றைத் தடவிக்கொண்டு தன் வண்டிப் பக்கம் நடந்தார்.