வெந்நீர் குடித்த மயில்கொன்றை

புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று சொன்ன அன்றே அண்ணன் வீட்டில் எனக்கு இரண்டு பட்டங்கள் கிடைத்தன. அண்ணி வைத்தது வாயாடி. அண்ணன் வைத்தது பிடிவாதக்காரி. இரண்டும் பொருத்தம்தான், மறுக்கவில்லை.

எனக்கு வேண்டியது மொட்டைமாடி மட்டுமே. அங்கே நாற்று வளர்த்து விற்று, யார் கையையும் எதிர்பார்க்காமல் சாப்பிட வேண்டும். முதலில் மயில்கொன்றை. சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும், வெயிலுக்கு அஞ்சாது, வெட்டினால் இன்னும் அடர்ந்து வரும். சாலை நடுவே நின்ற புதர்களில் காய்ந்த நெற்றுகளைப் பறித்து விதை சேர்த்தேன்.

அண்ணனோ மாடியைச் செல்போன் கோபுரத்துக்கு விடப் பேசி வைத்திருந்தான். அண்ணிக்குத்தான் அதில் அவசரம் அதிகம். நான் மல்லுக்கு நின்றேன்.

"சரி, மாசக் கடைசிக்குள்ள ஒரு தட்டு நாத்தாவது முளைக்கட்டும், மாடி உனக்கு. முளைக்கலன்னா வாயை மூடிட்டு நான் பார்த்து வெச்ச வேலைக்குப் போகணும்" என்றான் அண்ணன்.

முதல் தட்டு முளைக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மண்ணைக் கிளறினால் விதை போட்டபடியே கல்லாட்டம் கிடந்தது. மிச்சமிருந்த ஒரு கை விதையைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு, சமையலறை ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்தேன். அழுகை வந்தது. அழுதால் அண்ணி ஜெயித்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டேன்.

காலையில் பார்த்தால் விதைகள் ஊதிப் பருத்திருந்தன. எடுத்து விதைத்தேன். ஒரு வாரத்தில், மாதம் முடியும் முன்பே, தட்டு முழுக்க முளை. தூக்கிக்கொண்டு போய் அண்ணனின் காபிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

எட்டிப் பார்த்த அண்ணியின் முகம் சுண்டிவிட்டது.

"இது எப்படி... அன்னைக்கு ராத்திரி கிண்ணத்துல கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்தினேனே" என்றாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

வாசல் கல்லிடுக்கில் முளைக்கும் புல்லுக்கு அவள் வைத்தியமே வெந்நீர்தான். ஊற்றினால் மறுநாள் கருகிவிடும். விதையும் அப்படியே சாகும் என்று நினைத்திருக்கிறாள். மயில்கொன்றை விதைக்குத் தோல் தடிப்பு. சூடு பட்டதும் அது இளகித் தண்ணீரை உள்ளே விட்டிருக்கிறது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். "முளைச்சா ஆச்சா? பூக்கட்டும், பார்க்கலாம். கோபுரக்காரங்க நாளைக்கு வராங்க."

"முளைச்சா மாடின்னு சொன்னது நீ. பூக்க வைக்கிறது என் பாடு. நாளைக்கு அவங்க வர்றப்ப நான் மாடிப்படியில உக்காந்திருப்பேன். முடிஞ்சா என்னைத் தாண்டிப் போகச் சொல்லு."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த மாடிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரும் தடுக்கவில்லை.

"அண்ணி, சாயங்காலம் இன்னும் விதை பறிச்சிட்டு வந்து ஊறப்போடறேன். வெந்நீர் நீங்கதான் ஊத்தணும். உங்க கைராசி யாருக்கும் வராது."