வெம்பிளியில் எடுத்த ஒரு புள்ளி

பிளேசரின் இடது கைக்குள் அப்பாவின் கை நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. பூச்சி உருண்டை வாடை யோகராஜாவின் மூக்கில் ஏறியது. விம்பிள்டன் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவனுக்குக் கண் சொருகியது.

"மெல்ல இழு, தம்பி. வெம்பிளிக்குப் போட்டுக்கொண்டு போனது," என்றார் அப்பா.

தெரியாதா என்ன? கேட்டுக் கேட்டுக் காது புளித்த கதை. ஐம்பத்துநான்கில் வெம்பிளியில் நடந்த உலக மேசைப்பந்துப் போட்டிக்கு இலங்கையிலிருந்து வந்த அப்பா சபாரத்தினம், முதல் சுற்றிலேயே ஓர் ஆங்கிலேயரிடம் தோற்றுப்போனார். கடைசி ஆட்டம் இருபத்தொன்றுக்கு ஒன்று. இருபத்தொன்றைப் பற்றி அவர் மூச்சுவிட மாட்டார், பேச்செல்லாம் அந்த ஒன்றைப் பற்றித்தான். இடது மூலைக்கு அவர் அடித்த அடி, எதிராளி அசையாமல் நின்ற நிற்பு. அதைச் சொல்லித்தான் அம்மா வீட்டுக்கு மாப்பிள்ளையானார். போரில் வீடு போய், அகதியாக அதே லண்டனில் வந்திறங்கியபோது இமிகிரேஷன்காரனுக்கும் சொன்னார். அம்மாவின் செத்தவீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டும் சொன்னார். அன்று யோகராஜாவுக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

இன்றைக்குச் சட்டன் பகுதியில் ஒரு மேசைப்பந்துக் கழகம் பழைய ஆட்டக்காரர்களுக்குத் தேநீர் விருந்து வைத்திருந்தது. அங்கே சக்கர நாற்காலியில் இருந்த ஹரல்ட், பிளேசர் சின்னத்தைக் கண்டதும் முகம் மலர்ந்தார். அதே ஆங்கிலேயர்தான். அப்பாவின் கையைப் பிடித்தபடி யோகராஜாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "நன்றாக நினைவிருக்கிறது. அவ்வளவு தூரம் வந்த மனிதரைப் பூச்சியத்தோடு அனுப்ப மனம் வரவில்லை. இருபதுக்குப் பூச்சியம் என்று வந்தால், ஒரு சர்வீஸை வேண்டுமென்றே வலையில் அடித்துவிடுவேன். அது என் வழக்கம்."

"என்ன சொல்லுறார்?" அப்பா காதுக் கருவியைத் தட்டிக்கொண்டு மகனின் முகத்தைப் பார்த்தார்.

உண்மை வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் கதை இன்றோடு தொலையும், இனி எந்தக் கலியாணவீட்டிலும் கூனிக் குறுக வேண்டியதில்லை. யோகராஜாவுக்கு அந்த ஆசை இருந்தது. நிறையவே இருந்தது.

"உங்கடை அடியை இன்னும் மறக்கேல்லையாம், அப்பா."

அப்பா தலையாட்டினார். அதன்பிறகு கேக்கைத் தொடவில்லை.

திரும்பும் வழியில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. சிவப்பு விளக்கில் நின்றபோது அப்பா வாய் திறந்தார்.

"உனக்குப் பொய் சொல்ல வராது."

யோகராஜா ரேடியோவை அணைத்தான்.

"பந்தை வலையிலை அடிக்கேக்கை அவர் என்ரை முகத்தைப் பாக்கேல்லை. அண்டைக்கே எனக்கு விளங்கீட்டுது."

"அப்ப, அந்த அடி?"

"எந்த அடி? நான் மட்டையைத் தூக்கவேயில்லை."

"பிறகேனப்பா இவ்வளவு காலமும் சொன்னனீங்கள்?"

பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். விளக்குப் பச்சைக்கு மாறியிருந்தது.

"கொம்மாவுக்கு முதன்முதல் சொன்னது. அவள் நம்பீட்டாள். பிறகு எப்பிடி மாத்திறது? அவள் செத்த அண்டு, பெட்டியடியிலை நிண்டு உண்மையைச் சொல்லுவம் எண்டுதான் வாயைத் திறந்தனான். பழைய கதைதான் வந்துது."

 இத்தனை வருடம் சுமந்த கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று யோகராஜாவுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவன் வேலையால் வந்தபோது, அப்பாவைப் பராமரிக்க வரும் மேரிறோஸ் கதிரையில் கிடந்த பிளேசரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வடிவான கோட், ஐயா. எங்கை போட்டது?"

கட்டிலில் படுத்திருந்த அப்பா வாயைத் திறந்தார், மூடினார். மகனைப் பார்த்தார்.

யோகராஜா ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தான். மற்றதைக் கழற்றத் தெம்பில்லாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"வெம்பிளியிலை விளையாடேக்கை போட்டது, அக்கா," என்றான். "ஒரு அடி அடிச்சார். இடது மூலைக்கு. மற்றவர் அப்பிடியே நிண்டிட்டார்."

போர்வைக்குள்ளிருந்து அப்பாவின் கை வெளியே வந்தது. இல்லாத மட்டையொன்றை விரல்கள் பற்ற, மணிக்கட்டு மெல்லத் திரும்பியது.