மேய்ந்து திரும்பும் மந்தை

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் புகைப்படக் குழுவில், சத்யபிரியாவுக்கு இன்று நடுவர் நாற்காலி. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே கூடத்தில்தான் அவள் மானம் போனது.

அன்று அவள் காட்டியது, கோழிப்பண்ணையில் முட்டை பிரிக்கும் தன் அம்மாவின் படம். குழுவின் செயலாளர் குணசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க, இது ரேஷன் கார்டுக்கு எடுத்ததுங்களா?" என்றார். கூடமே சிரித்தது. புதுச்சேலை கட்டிக்கொண்டு மகளோடு வந்திருந்த அம்மா கண்ணாத்தாளும் விவரம் புரியாமல் சேர்ந்து சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்கப்புறம் மகள் கேமராவை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். படத்தைக் கேலி செய்ததைக்கூட சத்யபிரியா மறந்திருப்பாள். அம்மாவையும் சேர்த்துச் சிரிக்க வைத்ததை மட்டும் அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

மாநிலப் போட்டியில் அவள் பரிசு வாங்கியதும், நடுவராக வரச்சொல்லி போன் செய்தது சாட்சாத் குணசீலனேதான். அந்த மனிதருக்கு எதுவும் நினைவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

இங்கே பெயரை மறைத்துத்தான் படங்களைத் திரையில் காட்டுவார்கள். நடுவர் குறைநிறை சொல்லி, முதல் படத்தைத் தேர்ந்தெடுத்ததும், எடுத்தவர் எழுந்து எடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். தானாக அமையாமல் ஜோடித்து எடுத்த படம் செல்லாது. அந்த விதியை எழுதியவரும் குணசீலன்தான்.

புதியவர்களுக்கெல்லாம் சத்யபிரியா பொறுமையாகச் சொன்னாள். "வானத்தக் கொஞ்சம் வெட்டிருங்க, மொகம் எடுப்பாத் தெரியும்." "ஒரு எட்டு கிட்டப் போயிருக்கலாமுங்க."

ஒன்பதாவதாக ஓர் ஆட்டு மந்தை வந்தது. அந்திவெயில், பொன்னாகப் புழுதி, கீழே 'மேய்ந்து திரும்பும் மந்தை' என்று தலைப்பு. முன்வரிசையில் குணசீலன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். யார் படம் என்று வேறு சொல்ல வேண்டுமா என்ன!

சத்யபிரியா ஆடு வளர்த்த வீட்டுப் பெண். பார்த்த மாத்திரத்தில் விஷயம் பிடிபட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இதாங்க மொதப் படம். எடுத்தவங்க எந்திரிச்சு சொல்லுங்க."

குணசீலன் எழுந்தார். "அயோத்தியாப்பட்டணந் தாண்டி வந்துட்டிருந்தனுங்க. பொழுது உழுகற நேரம். நாள் பூராம் மேஞ்சுட்டு மந்தை ஊட்டுக்குத் திரும்புச்சு. எதேச்சையா அமைஞ்சதுங்க."

"நாள் பூராம் மேஞ்ச ஆட்டுக்கு வயிறு ஏனுங்க ஒட்டிக் கெடக்குது?" என்றாள் சத்யபிரியா. "அத்தன ஆடும் ஏன் ஒரே பக்கந் தலையத் தூக்கிப் பாக்குது? பட்டியில அடைச்சுப் பட்டினி போட்டு, ஓரமா ஆள நிக்க வெச்சுத் தழையக் காட்டுனீங்களா?"

குணசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், கூடம் முழுக்கப் பற்றிக்கொண்டது.

சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தெரிஞ்சிருந்தா அப்பவே தள்ளியிருக்கலாமுங்களே. என்னைய எதுக்கு எந்திரிக்க வெச்சீங்க?"

"உக்காந்திருந்தா பின்னாடி இருக்கறவங்களுக்கு உங்க மொகந் தெரியாதுங்களே," என்றாள் சத்யபிரியா. "நல்லாத் திரும்பி நில்லுங்க. எல்லாரும் பாக்கட்டும்."