உப்புப் பாத்தி

அக்காவின் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போன நிமலினி ஒரு வாரம் கழித்து ஆராய்ச்சி நிலையத்துக்குத் திரும்பியபோது, அவளுடைய வெங்காயப் பாத்திகள் நெடுகப் பச்சையாக நின்றன. அவள் போகும்போது பாதி கருகிக் கிடந்தவை அவை.

நாலு வருடமாக அந்தப் பாத்திகளுக்கு உவர்க் கிணற்றுத் தண்ணீர் மட்டுமே பாய்ந்தது. கருகுவது கருகட்டும் என்று விட்டு, தப்புகிறவற்றை எடுத்து மறுபடி நட்டுப் பார்ப்பதே அவளுடைய வேலை. தென்மராட்சியில் கடனீரேரிப் பக்கம் காணி உப்பாகிப்போன ஏரம்பு போன்ற விவசாயிகள் உப்பைத் தாங்கும் அந்த வித்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

குனிந்து வாய்க்கால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பில்லை.

நிலையங்களை மறுசீரமைக்கக் கொழும்பிலிருந்து மறுநாள் ஒரு குழு வருவதாக இருந்தது. பலன் காட்டாத நிலையத்தை மூடிவிடுவார்கள். பொறுப்பாளர் பிரகலாதன் வரவேற்புப் பதாகையைக் கட்டுவித்துக்கொண்டு நின்றார்.

"சேர், என்ரை பாத்திக்கு ஆர் நல்ல தண்ணி விட்டது?"

"நான்தான் தண்ணிப் பவுசரிலை எடுப்பிச்சனான். கருகினதையும் பிடுங்கிப்போட்டு, அங்காலை நல்ல தண்ணிப் பாத்தியிலை இருந்து மண்ணோடை கிளப்பி நட்டு நிரப்பினது. வாற சனம் செத்தவீட்டுக்கு வந்தமெண்டு நினைக்கக் கூடாதெல்லே."

"கருகிறதுதானே சேர் பரிசோதனை! இனி எது தப்பினது, எது நட்டதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"நிலையமே இல்லாமல் போனா உம்மடை பரிசோதனையை எங்கை கொண்டுபோய் வைப்பீர்? நாளைக்கு ஒண்டும் கதையாதையும், பிள்ளை. சிரிச்சுக்கொண்டு நில்லும்."

குழு வந்தது. மாலை, இளநீர், படம் பிடிப்பு. "இவ்வளவும் உவர்த் தண்ணீரிலா?" என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார். பிரகலாதன் நிமலினியைப் பார்த்தார். நிலையம் தப்பினால் அடுத்த போகம் முதலிலிருந்து தொடங்கலாம் என்று அவள் நினைத்தாள். தலையாட்டினாள்.

நிலையம் தப்பியது. 'உவர்நிலப் புத்தாக்க மையம்' என்று புதுப் பலகை ஏறியது. பரிசோதனை வெற்றியாக முடிந்ததால் இனி வித்து விநியோகம் மட்டுமே என்று கட்டளை வந்தது. உவர்க் கிணற்று மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று பின்னேரம் ஏரம்பு தொலைபேசியில் கூப்பிட்டார்.

"பிள்ளை, பேஸ்புக்கிலை பாத்தன். என்ன பச்சை! எனக்குத்தான் முதல் வித்துத் தரவேணும். இந்தமுறை முழுக் காணியையும் கொத்தி நடப்போறன்."

"ஒரு பாத்தியிலை மட்டும் நட்டுப் பாருங்கோ, ஐயா."

"ஏன் பிள்ளை? படத்திலை நீங்களும் சிரிச்சுக்கொண்டுதானே நிக்கிறியள்?"

அவள் பதில் சொல்லுமுன், கொத்துக்கு ஆள் பிடிக்கவேணும் என்று சொல்லி ஏரம்பு தொலைபேசியை வைத்துவிட்டார்.